ஓதம் ஏறிய சுவரும் தெற்கு ஜன்னலும்

பீரோவை நகர்த்தியதும் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்பு. பீரோ நின்ற இடத்தை அளவெடுத்துக் கோடு போட்டதுபோல நான்கு மூலையும் பிசகாமல் பூஞ்சை படிந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கடுகளவு புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூ. விரலால் தொட்டதும் பெயின்ட் தோல் உரிகிற மாதிரி கழன்று வந்தது. அதற்குப் பின்னால் சுவர், பிசைந்த மாவுபோல ஈரமாக இருந்தது. பீரோவின் அடித்தட்டில் அம்மாவின் கல்யாணப் பட்டு. அதன் மடிப்புகளில் எல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

பீரோவை நகர்த்திப் பார்க்கச் சொன்னவர் குன்னூரில் ஒரு டாக்டர். மூன்று வருஷமாக அம்மாவுக்கு இளைப்பு. மழைக்காலம் வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். மூச்சில் விசில் சத்தம் கேட்கும். மலைக் குளிர், வயசு என்று நாங்களும் இருந்துவிட்டோம். அந்த டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்டார்: "படுக்கிற ரூம்ல ஓதம் இருக்காம்மா? பீரோவுக்குப் பின்னாடி எப்பவாவது பார்த்திருக்கீங்களா?" அதுவரை எந்த டாக்டரும் வீட்டைப் பற்றிக் கேட்டதில்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் சுவாசத் தொற்றும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

இயற்கையோடு இணைந்த வீடு என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் எங்கும் அந்தப் பெயரில் கண்ணாடி வீடுகள் எழும்புகின்றன. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் யாராவது ஒருவர் சுவர் எழுப்புவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று யோசிப்பார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதியவர். 1994இல் சேமிப்பையெல்லாம் போட்டுக் கோத்தகிரியில் இந்த வீட்டை வாங்கினார். வெள்ளைக்காரன் காலத்துக் கடைசியில் யாரோ கட்டியது. கருங்கல்லை மண் சாந்தில் அடுக்கி எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை அடித்த சீலிங். கதவுகளுக்கு மேலே காற்று போக மரச்சட்டம். கூடத்தில் கணப்பு. வீடு குளிரும், மறுக்கவில்லை. ஆனால் நான் அங்கே வளர்ந்த காலத்தில் பூஞ்சை வாடை என்று ஒன்று இருந்ததே இல்லை.

2015இல் வீட்டைப் புதுப்பித்தோம். கீழே இருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். சுண்ணாம்பு உதிர்கிறது, கையில் ஒட்டுகிறது என்று உள்ளும் புறமும் சிமென்ட் பூசினார். அதன்மேல் கழுவினால் பளபளக்கும் பிளாஸ்டிக் பெயின்ட். குளிர்காற்று வருகிறது என்று கதவுக்கு மேலிருந்த சட்டங்களை அடைத்தோம். கணப்பைப் பயன்படுத்துவதில்லை என்று புகைபோக்கியையும் அடைத்தோம். தெற்கே திறப்பு ஆகாது என்று வாஸ்து பார்க்கிற ஒருவர் சொன்னார். தெற்கு ஜன்னல்களைக் கல் வைத்து மூடினோம். அப்புறம் நான் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்று: வடக்கே பள்ளத்தாக்கு முழுசும் தெரிகிற மாதிரி பத்தடி அகலக் கண்ணாடி. தரையிலிருந்து சீலிங் வரை, அலுமினியச் சட்டத்தில். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

என்ன நடந்தது என்று இப்போது எளிதாகச் சொல்ல முடிகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும். மீதி எங்கேயாவது தண்ணீராக உட்கார வேண்டும். நான்கு பேர் இருக்கிற வீட்டில் மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்துவது எல்லாம் சேர்ந்து நாளைக்குப் பத்து லிட்டர் அளவுக்கு ஈரம் காற்றில் கலக்கிறது. ஒரு குடம் தண்ணீரை அறைக்கு அறை தெளித்து வைப்பதற்குச் சமம். பழைய வீட்டில் அது மரச்சட்டம் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் போய்விட்டது. போகாததைச் சுண்ணாம்பு ராத்திரியில் வாங்கி வைத்துக்கொண்டு பகலில் திருப்பிக் கொடுத்தது. புதுப்பித்த வீட்டில் அதற்குப் போக்கிடம் இல்லை. எது குளிர்ந்து கிடக்கிறதோ அங்கே போய் ஒட்டியது: வடக்குக் கண்ணாடி, அதை அடுத்துக் காற்றே படாத பீரோ முதுகு. மார்கழிக் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துணியைப் பிழிந்தால் அரை மக் தண்ணீர் வரும். இன்னொரு பக்கம், அஸ்திவாரத்து மண்ணிலிருந்து ஏறும் ஓதமும் சிமென்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

சுவரைப் பார்க்க வந்த மேஸ்திரிக்கு எழுபது வயசு இருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கை இந்த மலையில் இப்போது குறைவு. இரண்டு மாதம் தேடித்தான் அவரைப் பிடித்தோம். அவர் எதுவும் பேசாமல் சுத்தியல் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் 'ணங்' என்றது, சில இடத்தில் 'டொப்' என்றது. 'டொப்' என்ற இடத்தில் எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டார். பாதிச் சுவர் வட்டமாகிவிட்டது. "செவுரு நல்ல செவுரு அம்மணி. நீங்க அதுக்கு மழைக்கோட்டு மாட்டி உட்டுட்டீங்க. உள்ளுக்குள்ள வேர்த்துட்டுக் கெடக்குது" என்றார்.

உறைபனி விலகட்டும் என்று காத்திருந்து மாசியில் வேலை ஆரம்பித்தோம். சிமென்ட்டை உளி வைத்துச் செதுக்கி எடுக்கவே பன்னிரண்டு நாள் ஆனது. கல் வெளியே தெரிந்ததும் "கொஞ்ச நாள் இப்படியே காயட்டும்" என்று போய்விட்டார். அடுத்த ஒரு மாதம் நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஈரக் கல் கருநீலமாக இருக்கும், காய்ந்த கல் சாம்பல் நிறம். இரண்டுக்கும் நடுவிலிருந்த கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கியது. நான் வாரம் ஒரு முறை அந்தக் கோட்டின் மேல் பென்சிலால் தேதி எழுதி வைத்தேன். முதல் தேதி என் தோள் உயரத்தில் இருந்தது. கடைசித் தேதி முழங்காலுக்குக் கீழே.

அதற்குள் வாசலில் சுண்ணாம்பு தயாராகிக்கொண்டிருந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றியதும் அது சீறிக் கொதித்தது. பக்கத்தில் நிற்க முடியாத சூடு. நீற்றிய சுண்ணாம்பை இரண்டு வாரம் தண்ணீரிலேயே ஊறப்போட்டார். ஒரு டிரம்மில் கடுக்காயைத் தட்டிப்போட்டு வெல்லம் கரைத்து மூடி வைத்தார். நான்காம் நாள் அந்தப் பக்கம் போனால் புளித்த வாடை. அந்தத் தண்ணீரை ஊற்றிக் குழைத்த கலவை கைக்கு வெண்ணெய் மாதிரி வந்தது. நம் ஊர்க் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்த பக்குவம் இது.

சுண்ணாம்புப் பூச்சு ஒரே ராத்திரியில் இறுகுவதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து மறுபடியும் கல்லாக மாறுகிறது. மாதக்கணக்கில் நடக்கிற வேலை. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சுண்ணாம்பைச் சுடும்போதும் வாயு வெளியேறத்தான் செய்கிறது; ஆனால் அதில் ஒரு பங்கைச் சுவர் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதைவிட எங்களுக்கு முக்கியம், அதன் காரத்தில் பூஞ்சை லேசில் பிடிக்காது. ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது, சட்டையில் ஒட்டுகிறது. பரவாயில்லை.

சுவர் காய்ந்துகொண்டிருந்த அந்த மாதத்தில்தான் எங்கள் வீட்டின்மேல் வெயில் எங்கே விழுகிறது என்று நான் கவனித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் அதே வீட்டில் இருந்தும் அதுவரை பார்த்ததில்லை. கோத்தகிரி பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கிறது. ஆனி மாதத்தில் நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். மார்கழியிலோ நன்றாகத் தெற்கே சாய்ந்து, உச்சி வேளையிலும் 55 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதாவது குளிர் கடுமையாக இருக்கிற மாதங்களில் வெயில் தெற்கு ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். நாங்கள் அந்த ஜன்னலை மூடிவிட்டு, அந்த மாதங்களில் வெயிலே எட்டிப் பார்க்காத வடக்கே பத்தடிக்குக் கண்ணாடி வைத்திருந்தோம். சமவெளியில் தெற்கையும் மேற்கையும் அடைத்துக் கட்டுவதற்கு அர்த்தம் இருக்கிறது. அங்கே வெயிலிடமிருந்து தப்ப வேண்டும். 1,800 மீட்டர் உயரத்தில் நாம் வெயிலுக்கு ஏங்குகிறோம். கோயம்புத்தூரில் வரைந்த பிளானை அப்படியே மலைமேல் கொண்டுவந்து கட்டக் கூடாது என்று யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன்.

மழையும் ஊருக்கு ஊர் வேறு. கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கிற எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது; ஐப்பசி, கார்த்திகையில் சாரல் கிழக்கிலிருந்து அடிக்கும். ஆனால் காலை வெயிலும் அந்தப் பக்கம்தான், மத்தியானத்துக்கு மேல் பல நாள் கீழேயிருந்து மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் கிழக்கே ஜன்னலும் வேண்டும், அதன்மேல் நன்றாக நீட்டிய தாழ்வாரமும் வேண்டும். பழைய வீட்டில் இரண்டும் இருந்தன. கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

தெற்கு ஜன்னலைத் திறந்தோம். மரச்சட்டங்களைத் திறந்தோம். புகைபோக்கியையும் திறந்துவிட்டோம். இதில் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கும் பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். புகைபோக்கி இல்லாத அறையில் தணல் வைக்கவே வைக்காதீர்கள்.

வடக்குக் கண்ணாடியை எடுப்பதற்குத்தான் மனசு வரவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடம்புக்கு நல்லது என்று ஆராய்ச்சியே சொல்கிறதே என்று நான் வாதாடினேன். நான் மனதில் வைத்திருந்தது ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. மரத்தைப் பார்த்தவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. மருத்துவமனை கட்டுகிறவர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டும் ஆய்வு இது.

மறுபடியும் அதை எடுத்துப் படித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. அந்த நோயாளிகள் பார்த்தது தொட்டபெட்டாவை இல்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்ற ஒரு சில மரங்களை. சாதாரண ஜன்னல், சாதாரண மரம், அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. அம்மா கட்டிலிலிருந்து பார்த்தால் அந்தப் பத்தடிக் கண்ணாடியில் தெரிந்தது பெரும்பாலும் வெறும் வெள்ளை மேகம்தான். திறந்துவிட்ட தெற்கு ஜன்னலிலோ, பத்தடி தள்ளித் தவிட்டுப்பழச் செடி நிற்கிறது. இளஞ்சிவப்புப் பூவும் பழமுமாக இருக்கிற காலத்தில் வெள்ளைக்கண்ணிக் குருவிகள் கூட்டமாக வந்து தொங்கும். அம்மா அவற்றை எண்ணுவார். "இன்னைக்கு ஒம்பது" என்பார் நான் வேலை முடிந்து வரும்போது.

அந்தக் குருவியில் ஒன்றுதான் கண்ணாடி விஷயத்தையும் முடித்து வைத்தது. ஒரு நாள் காலையில் 'தப்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. உள்ளங்கையில் எடுத்தபோது கனமே இல்லை. கண்ணைச் சுற்றி அந்த வெள்ளை வளையம் அப்படியே, ஒரு இறகுகூடக் கலையாமல். கண்ணாடியில் தெரிந்த வானத்தை வானம் என்றே நினைத்துப் பறந்து வந்திருக்கிறது. அந்த வாரமே கண்ணாடியில் முக்கால்வாசியை எடுத்துவிட்டுப் பழைய அளவுக்கு ஜன்னல் வைத்தோம். மிச்சமிருக்கிற கண்ணாடியில் வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கிறேன். பறவைகளுக்கு அது தடுப்பாகத் தெரியும். கண்ணாடி வீடு வைத்திருக்கிற நண்பர்கள் தயவுசெய்து இதையாவது செய்யுங்கள்.

இந்த மலைக்கு ஏற்ற வீடு எது என்று யோசிக்கும்போதெல்லாம் தோடர்களின் வீடு கண்முன் வருகிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவை ஒட்டி மேலே ஏறினால் ஒரு மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, இருக்கிறது, அங்கே பார்க்கலாம். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போன்ற வடிவம். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி மேலே புல் வேய்ந்தது. சுவரும் கூரையும் ஒன்றே என்பதால் மழை நிற்க இடமில்லை, வழிந்து ஓடிவிடும். வாசல் மூன்றடி இருந்தால் அதிகம். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். காற்றும் காட்டு விலங்கும் உள்ளே வராது, அடுப்புச் சூடு வெளியே போகாது. அந்தப் புல் எல்லா இடத்திலும் வளர்வதில்லை. புல்வெளிச் சரிவுகளுக்கு அடியில் இருக்கிற சதுப்பு நிலங்களில்தான் வளரும். தேயிலையும் யூகலிப்டஸும் சீகை மரமும் வந்து அந்தப் புல்வெளிகளையும் சதுப்புகளையும் சுருக்கிவிட்டன. இன்று பெரும்பாலான தோடர் குடும்பங்கள் இருப்பது காங்கிரீட் வீடுகளில். ஒரு சதுப்பு வற்றினால் ஒரு வீட்டின் கூரை இல்லாமல் போகும் என்று தெரிந்த மனிதர்கள் அந்தச் சதுப்பைப் பார்த்த பார்வையும், நான் கண்ணாடி வழியே பள்ளத்தாக்கைப் பார்த்த பார்வையும் ஒன்றாக இருந்திருக்க முடியுமா?

வீடு கட்டத் தேவையான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் கட்டிய வீடுகளில் அதை முடிந்தவரை கடைப்பிடித்தார். எனக்குப் பிடித்த கொள்கைதான். ஆனால் மலையில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். இங்கே ஐந்து மைலுக்குள் கல் வேண்டும் என்றால் மலையைத்தான் உடைக்க வேண்டும், மண் வேண்டும் என்றால் சரிவைத்தான் வெட்ட வேண்டும். கீழேயிருந்து கொண்டுவந்தாலோ செங்கல்லும் சிமென்ட்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் லாரியில் ஏற வேண்டும். நாங்கள் கண்டுபிடித்த வழி, இடிக்கிற வீடுகள். பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது ஜன்னல், உத்திரம், கருங்கல் எல்லாம் எடை போட்டு வாங்கினோம். இப்போதுள்ள தெற்கு ஜன்னல் அங்கிருந்து வந்தது. அதன் மரம் என் வயதைவிட மூத்தது. ஜன்னலோரத்து பெஞ்ச் உண்ணிச்செடித் தண்டில் செய்தது. காடெல்லாம் பரவிக் கெடுக்கிற களை, பின்னினால் பிரம்புபோல நிற்கிறது.

கடைசியாக வீட்டின் பின்பக்கம். மலையில் வீடு என்றால் பின்னால் வெட்டிய மண் சுவர்போல நிற்கும். மழையில் அந்த மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துக்கொண்டே போகும். 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்த மண்ணில் 40 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பெய்தது. அப்படியொரு மழையை எந்தச் சுவரும் தனியாகத் தாங்காது. எங்கள் பின்சுவருக்கும் வெட்டுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி விட்டிருந்தார்கள் பழைய ஆட்கள். 2015இல் அதை மண் போட்டு மூடி, தளம் போட்டுத் துணி காயப்போட இடமாக்கியிருந்தோம். ஓதம் அத்தனை உயரத்துக்கு ஏறியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று மேஸ்திரி சொன்னார். தளத்தை உடைத்து, மண்ணை எடுத்து, வடிகாலை மறுபடியும் திறந்தோம். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளைகள் விட்டோம். வெட்டுக்கு மேலே தவிட்டுப்பழமும் காட்டு நாவலும் நட்டிருக்கிறேன். நாவல் இப்போதுதான் இடுப்பு உயரம்.

வடியும் அந்தத் தண்ணீர் தோட்டத்து மூலையில் ஒரு தொட்டியில் சேர்கிறது. கோத்தகிரியைச் சுற்றியுள்ள பல கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கோடையில் ஊரெல்லாம் குடத்தோடு நிற்கும்போது அந்தச் சோலையிலிருந்து ஒரு குடம் குறைவாக எடுத்தாலும் எனக்கு நிம்மதி.

அம்மாவின் இளைப்பு முழுசாகப் போகவில்லை. இன்ஹேலர் தலைமாட்டிலேயே இருக்கிறது. ஆனால் போன மழைக்காலம் முழுக்க ராத்திரி எழுந்து உட்கார்ந்தது இரண்டு முறைதான். பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பின்னால் பார்க்கிறேன்.

இது புரட்டாசி. ஐப்பசி மழைக்குள் பின்பக்க வடிகாலில் சேர்ந்திருக்கிற மண்ணை வாரியாக வேண்டும். குளியலறைச் சுவரில் இன்னும் சிமென்ட் இருக்கிறது, அங்கே மட்டும் பெயின்ட் மறுபடியும் குமிழ் விடுகிறது. மேஸ்திரி மாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடுக்காய் மட்டும் இப்போதே வாங்கி வெயிலில் காயவைத்துவிடச் சொன்னார்.